உப்புக்கார அண்ணாச்சியின் கையுறை

போன வெள்ளிக்கிழமை காலை நீ அனுப்பிய செய்தி மூன்று வரிதான். நான் மொழிபெயர்த்த நாடகத்தை இங்கே இங்கிலாந்தில் ஒரு குழு மேடையேற்றப் போகிறது, பிரதியில் மாற்றம் ஏதும் உண்டா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்கிறார்கள், ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுக் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை உனக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தை இப்போது திரும்பப் பெறுகிறேன். மாற்ற வேண்டும். கடைசி அங்கத்தில் ஒன்றரைப் பக்கம் மாற்ற வேண்டும். எந்த ஒன்றரைப் பக்கம் என்று உனக்குத் தெரியும். அதை எடுக்கச் சொன்னவன் நான்.

இதை உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் புத்தகத்தின் முன்னுரையைப் போய்ப் பார். இந்தப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துத் திருத்தித் தந்தவர் என் தந்தை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அச்சில் வந்த தவறுக்கு அச்சில்தான் திருத்தம் போட வேண்டும். பத்திரிகை வேலையில் இருந்தபோது, சம்பந்தப்பட்டவரிடம் தனியாக வருத்தம் சொல்லிவிட்டு நழுவப் பார்த்த துணை ஆசிரியர்களை நானே கண்டித்திருக்கிறேன். இந்த இதழின் ஆசிரியர் என்னிடம் பழைய நிருபர் அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இதைத் தருகிறேன். உனக்கு இன்றே ஒரு நகல் அனுப்புகிறேன், இதழ் வரும்வரை காத்திருக்க உனக்கு நாள் இல்லை. உன்னையும் உன் அம்மாவையும் அறியாதவர்கள் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே பல இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

வண்ணார்பேட்டையிலிருந்து மருத்துவம் படிக்க ருஷ்யாவுக்குப் போனவன் நீ. மூன்றாம் வருஷம் வார்டுக்குப் போகத் தொடங்கியபோது நோயாளிகள் பேசுவது உனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. புத்தகத்து ருஷ்ய மொழி வேறு, வயிற்று வலியில் ஒரு கிழவி பேசும் மொழி வேறு என்று எழுதியிருந்தாய். பேச்சு பழகுவதற்காக நாடகம் பார்க்கப் போனாய். அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனாய். அடுத்த வருஷம் மருத்துவத்தை விட்டுவிட்டு மொழி படிக்கச் சேர்ந்துவிட்டேன் என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் பதில் எழுதவில்லை. போனிலும் பேசவில்லை. ஐந்து வருஷம். அலுவலகத்தில் யாராவது, "என்ன அண்ணாச்சி, டாக்டர் எப்போ வாராரு?" என்று கேட்டால், "படிச்சிக்கிட்டு இருக்கான்வே" என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொன்னது உண்மையாக இருந்தால் போதும், சொல்லாமல் விட்டது நம் பொறுப்பு இல்லை என்று நினைக்கும் பழக்கம் என் தொழிலில் உண்டு.

உன் அம்மா பேச்சை நிறுத்தவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்குச் சாப்பாடு முடிகிற நேரம் உனக்குக் காலை. நீ அதற்குள் இங்கிலாந்துக்குப் போய், லீட்ஸில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ருஷ்ய மொழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். பகலில் ஒரு பழைய ருஷ்ய நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தாய். ஒரு காட்சியை ஆங்கிலத்தில் எழுதுமுன் அதை அப்படியே தமிழில் அம்மாவிடம் சொல்லுவாய். உன் அம்மாவுக்கு ருஷ்ய மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதை ஏன் அவளிடம் சொல்கிறாய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வெகுகாலம் கழித்து நீயே சொன்னாய். ஆங்கிலம் உனக்குப் படித்து வந்த மொழி, அதில் ஒரு வரி பொய்யாக ஒலித்தால் உன் காதுக்கு உடனே தெரிவதில்லை, அம்மாவிடம் தமிழில் சொன்னால் எந்த இடத்தில் மனுஷர் பேசுகிற மாதிரி இல்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அவளிடம் தேறிய பிறகுதான் ஆங்கிலத்தைத் தொடுவாய்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாலைக்கான காய் நறுக்குவாள். நான் அடுத்த அறையில் பேப்பரை விரித்து வைத்திருப்பேன். உன்னோடு பேசாதவனே தவிர, உன் குரலைக் கேட்காதவன் அல்ல. முதல் நாள் நீ நாடகத்தைச் சொல்லத் தொடங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

"ஒரு ஆத்தங்கரைம்மா. கரையில ஒரு உப்புக் கெடங்கு. அதப் பாத்துக்கிடுத ஒரு பெரிய மனுசர், அவரு பொண்டாட்டி, ஒரு மக."

"ஏரலுக்குக் கெழக்கயா?" என்றாள். ஏரல் அவள் பிறந்த ஊர், அதற்குக் கிழக்கே உப்பளங்கள்.

"ருஷ்யாவுலம்மா."

"அங்கயும் உப்பு உண்டாலே?"

அன்றிலிருந்து உன் நாடகத்தின் கிடங்கு மேலாளர் எங்கள் வீட்டில் உப்புக்கார அண்ணாச்சி ஆனார். "உப்புக்கார அண்ணாச்சி இந்த வாரம் என்ன செய்யுதாரு?" என்று கேட்டுத்தான் அவள் உன்னோடு பேச்சைத் தொடங்குவாள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு சந்தேகம் கேட்டாய். கிடங்கில் வேலை பார்க்கும் ஆள் அவரைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் பெயரோடு அவர் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்கிறான், ஆங்கிலத்தில் பார்க்கிறவர்களுக்கு அது நீளமாக இருக்கிறது, யார் எவர் என்று குழம்புகிறார்கள், பெயரை மட்டும் வைத்துவிடவா என்று.

"அவரு அப்பா பேர எதுக்குச் சொல்லுதான்?"

"மரியாதைக்கும்மா."

"நாம அண்ணாச்சிங்கோம்லா, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்போ அத எடுத்துப்புட்டா, மொதலாளிய வெறும் பேரு சொல்லிக் கூப்பிடுத மாதிரி ஆயிரும். அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பிருவாவளே. பொறவு அந்தப் பயலுக்கு ரெண்டாவது அங்கத்துல என்னலே வேல?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், பேப்பருக்குள்ளே. அந்தப் பெயர்கள் அப்படியே இருந்துவிட்டன. நான் பின்னால் அவற்றின் மேலும் கை வைத்தேன், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீ எனக்கு இணங்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் இணங்கினாய்.

கடைசி அங்கத்தை நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். குளிர்காலம். உள் அறையில் அண்ணாச்சியின் மனைவி காய்ச்சலில் கிடந்து இறந்துபோகிறாள். மேடையில் அதைக் காட்டுவதில்லை. மகள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருகிறாள், அவ்வளவுதான். பாதிரியாரை அழைத்துவர வெளியே வண்டி நிற்கிறது. அண்ணாச்சி நடுக் கூடத்தில் நின்று, "என் கையுறை எங்கே?" என்று கேட்கிறார். மேசை மேல் இருக்கிறது என்கிறாள் மகள். அவர் மறுபடி அதையே கேட்கிறார். அவள் மறுபடி சொல்கிறாள். இப்படி நான்கு முறை. இதில் முதல் தடவை கேட்கும்போதே அவர் கையுறையைக் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நாடகத்தை எழுதியவர் அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறார். மகளுக்கும் அது தெரிகிறது. அவள் ஒரு தடவைகூட, உங்கள் கையில்தானே இருக்கிறது என்று சொல்வதில்லை.

நீ சொல்லி முடித்தபோது காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. "அவ உயிரோட இருக்கையில, வெளிய போனா கையுறையப் போட்டுக்கிடுங்கன்னு தெனமும் சொல்லிருப்பாலே" என்றாள் உன் அம்மா. "அப்படி எங்கயும் எழுதலியேம்மா" என்றாய் நீ. "எழுதணுமாக்கும்" என்றாள். பிறகு, "நீ அவரு மாதிரி கேளு, நான் மவ மாதிரி சொல்லுதேன்" என்றாள். நீ கேட்டாய். அவள் சொன்னாள். மூன்று தடவை அவள் சொன்ன பதில் சாதாரணமாக இருந்தது, வீட்டில் சாவி எங்கே என்றால் சொல்வதைப் போல. நாலாவது தடவை நீ கேட்டுவிட்டுக் காத்திருந்தாய். அவள் உடனே சொல்லவில்லை. பிறகு, "இருக்குப்பா. நான் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனைக் குனிந்து பார்த்தாள். அப்புறம் உன் குரல், "அதாம்மா. அப்படித்தான்" என்றது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து உன் கையெழுத்துப் பிரதி கூரியரில் என் பெயருக்கு வந்தது. நீங்க பாத்துச் சொன்னாத்தான் அச்சுக்குக் கொடுப்பேன் என்று மேலே ஒரு சீட்டு. ஐந்து வருஷம் பேசாத அப்பனுக்கு நீ நீட்டிய கை அது. அதை நான் எப்படி வாங்கினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றுகிறது. பேனா ஸ்டாண்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். இரவுப் பணியிலும் பகல் பணியிலுமாகச் செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கி நாலு பத்தியை ஒரு பத்தியாக வெட்டியே வளர்ந்த கை என்னுடையது. ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தகவல் ஒரே செய்தியில் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். பதினோரு நாள் விடுப்பு போட்டு உட்கார்ந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால், உன் ஆங்கிலம் என்னுடையதைவிட மேலாக இருந்தது. அதனாலேயே திருத்த ஏதாவது தேடினேன் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசி அங்கத்துக்கு வந்தபோது ஓரத்தில் நான் எழுதியது வரிக்கு வரி நினைவிருக்கிறது. கையுறை கையில் இருப்பதாக மேலே சொல்லியாகிவிட்டது, பிறகு எங்கே என்று கேட்பது முரண். ஒருமுறை கேட்டால் போதும். மகளின் பதில்கள் ஒரே தகவல், நீக்கவும். காட்சி தொய்கிறது. அப்படி எழுதிவிட்டு ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டேன். உன் அம்மா காப்பி கொண்டுவந்தவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாள். ஆங்கிலம் தெரியாதுதான், ஆனால் நாலு தடவை ஒரே சொல் வரிசையாக இருந்தால் யாருக்கும் தெரியும்.

"இது அந்தக் கையுறை எடமா?"

"ஆமா."

"இத எதுக்கு அடிச்சிருக்கிய?"

"கையில போட்டுக்கிட்டே எங்கன்னு கேக்காரு. தப்பு."

"நீங்க கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிக்கிட்டு வீடு பூரா தேடலியா?"

"அது மறதி. அத யாரும் நாடகமா எழுதல."

"இந்த எடத்த மட்டும் விட்டுருங்க. பிள்ள அத என்கிட்ட சொல்லையில அவனுக்குக் கொரலே வரல."

"உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். அவள் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிரதியை மறுநாள் அனுப்பினேன். ஒரு வாரத்தில் நீ என் போனுக்கே கூப்பிட்டாய். "பேர்களத் தவிர எல்லாத்தையும் ஏத்துக்கிட்டேம்ப்பா. ரொம்பத் தெளிவா ஆயிட்டு" என்றாய். அன்றைக்கு நாம் முக்கால் மணி நேரம் பேசினோம். மருத்துவத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்காக நீ எதை விட்டுக்கொடுத்தாய் என்று அன்று நான் யோசிக்கவில்லை. புத்தகம் வந்த பிறகு உன் வகுப்புக்கு வரும் ஒரு ருஷ்யப் பெண்மணி படித்துவிட்டு, எல்லாம் சரி, முடிவு மட்டும் எனக்கு நினைவிருக்கும் முடிவு இல்லை என்று சொன்னதாக நீ ஒருமுறை போகிற போக்கில் சொன்னாய். அவருக்கு வயதாகியிருக்கும், நினைவு பிசகியிருக்கும் என்றேன்.

இந்த இடத்தில் இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன், அது உனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பாபநாசத்தில் குளிக்க வந்த ஒரு குடும்பத்தில் கல்லூரி போகும் பையனை ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துக் கரையில் கிடத்தியிருந்தார்கள். பையனின் அப்பா ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். போலீஸ்காரரிடம், "சார், நாங்க ஒரு தூக்குச்சட்டி கொண்டாந்தோம், எங்கன வச்சோம்னு தெரியல" என்றார். போலீஸ்காரர் அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தார். என்னிடம் வந்து அதையே கேட்டார். பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடமும். தூக்குச்சட்டி அவர் காலடியில் படிக்கட்டில்தான் இருந்தது. நான் அலுவலகத்துக்கு வந்து, மகனின் உடலைக் கண்டு தந்தை கதறி அழுதது காண்போர் நெஞ்சை உருக்கியது என்று எழுதினேன். அவர் அழவே இல்லை. நான் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, பார்க்காத ஒன்றை எழுதினேன், அப்படித்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் எழுதியதால். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் மறுநாள் திருத்தம் போட வைத்தவன், இதற்குத் திருத்தம் போட வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. அதன் பிறகு எத்தனையோ வாசல்களில் நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். செருப்பைத் தேடினவர்கள் உண்டு, அடுப்பில் பால் வைத்தேனே என்றவர்கள் உண்டு. ஒன்றையும் நான் எழுதவில்லை.

உன் அம்மா விழுந்தது போன வருஷம் ஐப்பசியில், மழை தொடங்குவதற்கு முந்தின நாள் காலை. மோட்டார் போட்டுவிட்டுத் துவைக்கும் கல் பக்கம் போனாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வழக்கமாக மோட்டாரை மறப்பவன் நான், "மோட்டார அணைச்சியளா" என்று சத்தம் போடுவது அவள். அன்று நான் இருந்த இடத்திலிருந்தே, "மோட்டார அணைக்காம அங்கன என்ன செய்யுத?" என்று சத்தம் போட்டேன். எரிச்சலோடுதான் போட்டேன். பதில் வராததால் இன்னொரு தடவையும் போட்டேன். அதற்குப் பிறகுதான் எழுந்து போனேன். நான் அவளிடம் கடைசியாகப் பேசியது அது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் அவள் கண் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் டாக்டர் வெளியே வந்து சொன்னார். பக்கத்தில் உன் ஏரல் மாமா நின்றிருந்தார். நான் அவரிடம், "வீட்டுல மோட்டார் அணைச்சாச்சா?" என்று கேட்டேன். "அணைச்சாச்சு அத்தான்" என்றார். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மறுபடி கேட்டேன். "மழையில தெருவுலயே கரண்டு இல்ல அத்தான், மோட்டார் எங்கன ஓடும்" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை நீ திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் வந்தாய். வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தது, அதிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கரண்ட் இல்லாததால் பெட்டிக்கு வாடகை ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீ பையைத் தோளிலிருந்து இறக்காமலே என்னிடம் வந்தாய். நான் உன்னிடம் முதலில் சொன்னது, "மோட்டார் ஓடுது பாரு, அணைச்சிட்டு வா." ஜெனரேட்டர் சத்தத்தை மோட்டார் என்று எண்ணிவிட்டேனோ என்று இப்போது என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். அப்படி எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அது உண்மை இல்லை. நான் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். நீ அம்மாவைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் பின்பக்கம் போனாய். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அணைச்சிட்டேம்ப்பா" என்றாய். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதன் பிறகு நான் கேட்கவில்லை.

முதல் வருஷத் திதிக்கு உனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. போன மாதம் அது முடிந்தது. இலை எடுத்த பிறகு உன் மாமா கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தான், உங்க மவன் ஒரு காரியம் செஞ்சான், சொல்லணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்."

"என்னது?"

"அன்னைக்கு வந்து எறங்கினவன் நேரா கொல்லப்பக்கம் போறான். எங்கனலே போறன்னேன். அப்பா மோட்டார அணைக்கச் சொன்னாவ மாமாங்கான். கரண்டே இல்லியேலன்னேன். தெரியும் மாமான்னான். சுச்சு மேல கைய வச்சிக்கிட்டு அப்படியே செவத்தப் பாத்து நிக்கான். தோள் குலுங்குது. பொறவு மொகத்தக் கழுவிட்டு உங்ககிட்ட வந்து அணைச்சிட்டேம்ப்பாங்கான். எனக்கு அந்த அறிவு இல்லாமப் போச்சு அத்தான். நான் உங்ககிட்ட கரண்டுக் கத பேசிக்கிட்டு இருந்தேன்."

அவர் ஏரல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு உன் புத்தகத்தை எடுத்துக் கடைசி அங்கத்தைப் புரட்டினேன். அந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று இருந்தது. அண்ணாச்சி கையுறை எங்கே என்று ஒருமுறை கேட்கிறார், மகள் மேசை மேல் என்கிறாள், அவர் வெளியே போகிறார். அவ்வளவுதான் இருந்தது. நான் தேடின பக்கம் இல்லை. சிவப்புக் கோடு போட்ட பிரதியும் என்னிடம் இல்லை, உனக்கு அனுப்பிவிட்டேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை ஆங்கிலத்தில் முழுதாகத் தெரிந்தவன் இப்போது நீ ஒருவன். புத்தகத்தில் என் பேச்சுக்காக அதை எடுத்துவிட்டாய், வீட்டு வாசலில் எனக்காக அதைச் சொன்னாய்.

உனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. அறிவுரை சொல்கிற இடத்தில் நான் இல்லை என்று தெரியும், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உன் வேலையில் உன் காது ஒன்றைக் கேட்டுவிட்டால், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே. நீ மதிக்கிறவர் வேண்டாம் என்றால் இன்னும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார். அப்போதும் அது சரியாக இருந்தால், அவரோடு சண்டை போடு. பேச்சு நின்றுபோனாலும் பரவாயில்லை. நின்ற பேச்சை நான்தான் உன் பிரதி வருமுன்பே தொடங்கியிருக்க வேண்டும், அதற்கு ஒரு நாடகத்தின் கடைசிப் பக்கத்தை நீ தந்திருக்க வேண்டியதில்லை.

நாளையே அந்தக் குழுவுக்கு எழுது. கூடவே இதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பு, நான் அச்சில் போடத் தவறிய மற்றவற்றுக்கும் சேர்த்து:

திருத்தம். கிடங்கு மேலாளர் கையுறையை ஒருமுறை கேட்பதாகப் புத்தகத்தில் அச்சாகியுள்ளது. அவர் நான்கு முறை கேட்கிறார். கேட்கும்போது கையுறை அவர் கையில்தான் இருக்கிறது. மகள் நான்கு முறையும் பதில் சொல்கிறாள். தவறு மொழிபெயர்த்தவருடையது அல்ல, திருத்தியவருடையது.

ஒத்திகைக்கு நீயும் போவாய் என்று நினைக்கிறேன். மகளாக நடிக்கப் போகும் பெண் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. முதல் மூன்று பதிலை அவள் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். நாலாவதை மட்டும், கேட்டவுடன் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்து, பைய சொல்லச் சொல். உன் அம்மா அதை அப்படித்தான் சொன்னாள்.